பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்?

2014 ஜூன் 8, மாலை. இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், மணாலிக்குப் போகும் வழியில், ஹைதராபாத்தின் பொறியியல் கல்லூரி ஒன்றைச் சேர்ந்த மாணவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி பியாஸ் ஆற்றுக்குள் போனார்கள். தண்ணீர் குறைவாக இருந்தது, பாறைகள் வெளியே தெரிந்தன. அவற்றின் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மேலே லார்ஜி நீர்மின் திட்ட அணையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவர்களையும், அவர்களுடன் வந்த சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரையும் ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது.

2016-ல் இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. அதில் மின்வாரியத்தின் பங்கு 60 சதவீதம், மாநில அரசின் பங்கு 10 சதவீதம். மீதி 30 சதவீதம் கல்லூரியின் தலையில் விழுந்தது.

அணையைத் திறந்தது கல்லூரி இல்லை. தண்ணீர் வரப்போகிறது என்ற தகவலும் அதற்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் பஸ் எங்கே நிற்கலாம், யார் எங்கே இறங்கலாம், கூடப் போன பெரியவர்கள் எந்த இடத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதெல்லாம் கல்லூரியின் கையில் இருந்த விஷயங்கள். நம்மால் கட்டுப்படுத்த முடியாதவை எவ்வளவு இருந்தாலும், நம் கையில் ஒரு பங்கு எப்போதும் இருக்கிறது. வளாகத்துக்கு வெளியே ஒரு பயணத்தையோ நிகழ்ச்சியையோ திட்டமிடும்போது ‘இடர் மேலாண்மை’ என்று சொல்வது அந்தப் பங்கைப் பற்றித்தான்.

மாணவர்களோடு பல வருடம் களப்பயணம் போய் வந்ததில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கோப்புகள் தடிமனாகத்தான் இருக்கின்றன. பெற்றோர் சம்மதக் கடிதம், காப்பீட்டு நகல், பெயர்ப் பட்டியல், துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் வரிசையாக இருக்கும். பெரும்பாலான கோப்புகளில் இல்லாதது ஒரே ஒரு வரி: ‘இன்னின்ன நிலை வந்தால் பயணம் நிற்கும், அதை முடிவு செய்பவர் இவர்.’

நிரலில் எழுதாத நேரம்

திட்டமிடுகிறவர்களின் கவனம் போய்ச் சேரும் இடத்தின் மீதே இருக்கும். தொழிற்சாலையைப் பார்க்கப் போகிறோம் என்றால் தலைக்கவசம், காலணி, இயந்திரங்களின் பக்கத்தில் போகக் கூடாது என்ற விதி என்று எல்லாம் பேசி முடித்திருப்போம். அங்கே நம்மை வரவேற்பவர்களுக்கும் பாதுகாப்பு விதிகள் இருக்கும். உண்மையில் பயணத்திலேயே பாதுகாப்பான நேரம் அதுவாக இருக்கலாம்.

சிக்கல் இடைவெளிகளில்தான் இருக்கிறது. சாப்பாட்டுக்கு நிற்கும் அரை மணி நேரம், ‘சுதந்திர நேரம்’ என்று நிரலில் ஒரே சொல்லில் முடித்துவிட்ட மாலைப் பொழுது, தங்கும் இடத்தில் இரவு 11 மணிக்கு மேல், ‘அஞ்சு நிமிஷம் சார், ஒரு போட்டோ மட்டும்’ என்று பஸ் நிற்கும் ஓரம். இந்த நேரங்களுக்குப் பொறுப்பாளர் யாரும் எழுதப்பட்டிருக்க மாட்டார். ஆசிரியர்களும் களைத்திருப்பார்கள்.

அதனால் நிரல் தயாரானதும் நான் செய்கிற முதல் வேலை அதில் எழுதாத நேரங்களை எழுதுவது. 10 மணிக்கு ஓர் இடம், 2 மணிக்கு இன்னோர் இடம் என்றால், இடையில் 12.45-லிருந்து 2 வரை 45 பேர் எங்கே இருப்பார்கள்? அந்த இடத்தின் பக்கத்தில் என்ன இருக்கிறது, தண்ணீரா, ரயில் பாதையா, நெடுஞ்சாலையா? யார் கூட இருப்பார்? இதைக் காகிதத்தில் எழுதும்போதே பாதி இடைவெளிகள் தேவையில்லை என்று தெரிந்துவிடும், அவற்றை எடுத்துவிடலாம். மீதிக்குத்தான் ஏற்பாடு தேவை.

முடிந்தால் ஒருவர் முன்கூட்டியே அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதுவும் மாணவர்கள் போகப்போகும் அதே நேரத்தில். காலையில் அமைதியாக இருக்கும் கடற்கரை மாலை ஏற்றத்தில் வேறு மாதிரி இருக்கும். அணைக்குக் கீழே உள்ள ஆற்றைப் பார்த்து மட்டும் எதுவும் முடிவு செய்ய முடியாது. மேலே அணை இருக்கிறதா, எப்போது திறப்பார்கள், எச்சரிக்கை ஒலி எங்கே வரை கேட்கும் என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால்தான் தெரியும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கணுக்கால் அளவுதானே என்று நினைக்கும் இடத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

ஐந்துக்கு ஐந்து கட்டம்

ஆபத்து வேறு, இடர் வேறு. ஆறு ஓர் ஆபத்து. நீச்சல் தெரியாத இருபது பேர் கண்காணிப்பு இல்லாமல் அதன் ஓரத்தில் ஒரு மணி நேரம் இருப்பது இடர். ஆபத்தை நாம் மாற்ற முடியாமல் போகலாம், இடரை மாற்ற முடியும்.

இடரை மதிப்பிட உலகம் முழுக்கப் பயன்படுத்துவது ஒரு கட்டம். நடப்பதற்கான வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, நடந்தால் ஏற்படும் விளைவுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குவார்கள். பெரிய எண் வந்தால் சிவப்பு, 5 அல்லது அதற்குக் கீழே என்றால் பச்சை என்று நிறம் பூசுவார்கள். பேச்சைத் தொடங்கி வைக்க இது நல்ல கருவி. முடிவெடுக்க இதை மட்டும் நம்புவதில் எனக்குச் சம்மதமில்லை. நடைப்பயணத்தில் காலில் கொப்புளம் வருவது கிட்டத்தட்ட உறுதி, விளைவு மிகச் சிறியது: 5 பெருக்கல் 1. படகு கவிழ்வது மிக அரிது, விளைவு மரணம்: 1 பெருக்கல் 5. இரண்டுக்கும் கட்டம் தரும் விடை ஒன்றுதான். இரண்டும் ஒரே நிறத்தில் ஒரே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அரிதானவற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு உதவும். அங்கிருந்த தனியார் பள்ளி ஒன்று 2007-ல் மாணவர்களைச் சீனாவுக்கு அழைத்துப் போனது. மலையேற்றம் ஒன்றின்போது 15 வயது மாணவிக்கு உண்ணி கடித்து மூளை அழற்சி வந்தது. பேச்சு போய்விட்டது. நடுவர் குழு 4 கோடியே 15 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. ‘இவ்வளவு அரிதான நோயைப் பற்றி எச்சரிக்கும் கடமை எங்களுக்கு எப்படி வரும்?’ என்பது பள்ளியின் வாதம். பூச்சிகளால் பரவும் கடும் நோய்கள் குறித்து எச்சரிக்கவோ பாதுகாக்கவோ பள்ளிக்குக் கடமை உண்டு என்று கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. முழுக்கைச் சட்டை, பூச்சி விரட்டி, பாதையை விட்டு விலகாமல் நடப்பது ஆகியவை கிட்டத்தட்டச் செலவே இல்லாத காரியங்கள். விளைவு பெரியது, தடுப்பு மலிவு என்றால், வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தத் தடுப்பைச் செய்துவிட வேண்டும். கட்டத்தில் அது பச்சையில் இருப்பது ஒரு காரணமே இல்லை.

தடுப்பிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் அதற்குப் பதில் வேறொன்றை வைப்பது, அப்புறம் தடுப்பு அமைப்பது, அப்புறம் விதி போடுவது, கடைசியாக உடலில் அணியும் பாதுகாப்பு. தொழிற்சாலைப் பாதுகாப்பில் பழகிய வரிசை இது. பயணத் திட்டங்களில் இதைத் தலைகீழாகத்தான் பார்க்கிறேன். ‘நீரில் இறங்கக் கூடாது என்று மாணவர்களுக்கு அறிவுறுத்தப்படும்’ என்று எழுதியதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆற்றங்கரையில் சாப்பாடு வைத்துவிட்டு ஆற்றில் இறங்காதே என்று சொல்வதைவிட, சாப்பாட்டை வேறு இடத்தில் வைப்பது சுலபம்.

சாலை

எந்தப் பயணத்திலும் நான் அதிகம் பயப்படுவது சாலைக்குத்தான். மலையேற்றம், படகு என்றால் எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அத்தனை பேரும் தளர்ந்துவிடுகிறோம்.

2016 மார்ச் 20. ஸ்பெயினில் படித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு மாணவர்கள் வலென்சியா நகரின் திருவிழாவைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாக பார்சிலோனாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் ஃப்ரெகினால்ஸ் என்ற ஊரின் அருகே பஸ் கவிழ்ந்தது. 13 மாணவிகள் இறந்தார்கள். டிரைவர் தூங்கிவிட்டாரா என்பதே விசாரணையின் மையக் கேள்வியாக இருந்தது.

இரவுப் பயணம் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது? ஓர் இரவுத் தங்கும் செலவு மிச்சம், ஒரு நாள் வகுப்பு மிச்சம். இந்தச் சேமிப்புக்குப் பதிலாக நாம் வாங்கிக்கொள்வது, உடல் இயல்பாகவே தூக்கத்துக்குச் சாயும் 2 மணி முதல் 6 மணி வரையிலான நேரத்தில் ஒரு மனிதனை நெடுஞ்சாலையில் விழித்திருக்கச் சொல்லும் ஏற்பாட்டை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. பல நாடுகளில் அந்த அளவு மதுவோடு வண்டி ஓட்டுவது குற்றம். தூக்கத்தை அளக்க ஊதிப் பார்க்கும் கருவி கிடையாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருமுறை நாங்கள் பேசி வைத்திருந்த பஸ்ஸுக்குப் பதில் வேறு பஸ் வந்தது. இரவு 9 மணி. மாணவர்கள் பெட்டிகளை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். டிரைவரிடம் போய், ‘அண்ணே, இன்னிக்கு எங்கேருந்து வர்றீங்க?’ என்று கேட்டேன். கண்கள் சிவந்திருந்தன. காலை 5 மணிக்கு வேறொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பி, அவர்களை இறக்கிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். ‘பழக்கம்தான் சார், ஒரு டீ குடிச்சா சரியாயிடும்’ என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. மறுத்தால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் அவர். பெட்டிகளை இறக்கச் சொன்னோம். பஸ் நிறுவனத்தோடு ஒரு மணி நேர வாக்குவாதம். கடைசியில் காலை 6 மணிக்குக் கிளம்பினோம், தூங்கி எழுந்த டிரைவரோடு. முதல் நாளின் இரண்டு நிகழ்ச்சிகள் போயின. சில பெற்றோர் போன் செய்து கோபப்பட்டார்கள்.

அன்று என்னால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் துணிச்சல் இல்லை. ‘டிரைவர் முந்தைய எட்டு மணி நேரம் ஓய்வில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயணம் தள்ளிப்போகும்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். துறைத்தலைவரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் எதையும் புதிதாக முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை, எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான்.

வாகனத்தின் வகையும் முக்கியம். 15 பேர் உட்காரும் வேன்கள் ஒரு காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் எங்கும் ஓடின, பெரும்பாலும் மாணவர்களே ஓட்டுவார்கள். 10 பேரோ அதற்கு மேலோ ஏறினால், தனி வாகன விபத்துகளில் அந்த வேன் கவிழும் விகிதம் ஆள் குறைவாக இருக்கும்போது இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001-ல் எச்சரித்தது. ஆட்கள் ஏற ஏற வண்டியின் எடை மையம் மேலேயும் பின்னாலும் நகர்ந்துவிடுகிறது. அதன் பிறகு பல பல்கலைக்கழகங்கள் அந்த வேன்களைக் கைவிட்டன. அத்தனை இருக்கையும் நிரம்பினால்தான் லாபம் என்று நினைத்த வண்டி, நிரம்பியபோதுதான் மிக ஆபத்தாக இருந்தது.

சீட் பெல்ட், தகுதிச் சான்று, அவசரக் கதவு திறக்கிறதா, தீயணைப்பான் எங்கே என்பதையெல்லாம் கிளம்பும் முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அவசரக் கதவின் முன்னால் பெட்டிகளை அடுக்குவது சாதாரணமாக நடக்கிறது.

வாடகைக்கு எடுத்த கூரை

தென்கொரியாவின் கியோங்ஜு நகருக்கு அருகே உள்ள ஓர் ஓய்வு விடுதியில் 2014 பிப்ரவரி 17 இரவு, பூசான் பல்கலைக்கழகம் ஒன்றின் புதுமுக மாணவர் வரவேற்பு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. தொடர்ந்து பெய்த பனியின் எடை தாங்காமல் அரங்கின் கூரை சரிந்தது. 10 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். கூரைப் பனியை யாரும் அகற்றவில்லை, கட்டுமானத்திலும் குறைகள் இருந்தன என்று விசாரணையில் வந்தது.

நிகழ்ச்சிக்கு இடம் பார்க்கப் போகிற ஒருங்கிணைப்பாளர் கூரையின் தாங்கு திறனைக் கணக்குப் போட முடியாது. அது அவர் வேலையும் இல்லை. ஆனால் சில கேள்விகளை அவர் கேட்கலாம். இந்த அரங்குக்கு எத்தனை பேர் வரை அனுமதி, அந்த எண் எழுத்தில் இருக்கிறதா? வெளியேற எத்தனை வழிகள், நிகழ்ச்சி நேரத்தில் அவை பூட்டப்படாமல் இருக்குமா? மழையோ காற்றோ பனியோ வந்தால் நிகழ்ச்சியை நிறுத்துவது உங்கள் ஆளா, எங்கள் ஆளா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. அந்த மௌனமே போதுமான தகவல்.

2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சிக்கு முன் நெரிசல் ஏற்பட்டு 4 பேர் இறந்தார்கள். சொந்த வளாகத்திலேயே நடந்தது அது. திடீர் மழை வந்ததும், வெளியே நின்ற கூட்டம் ஒரே நேரத்தில் வாசல் வழியாக, கீழே இறங்கும் படிகளை நோக்கி நகர்ந்தது. நெரிசலுக்கு யாரும் முண்டியடிக்க வேண்டும் என்பதில்லை. சதுர மீட்டருக்கு 5, 6 பேர் என்று ஆகிவிட்டால் தனி மனிதர் தன் நகர்வின் மேல் கட்டுப்பாட்டை இழந்துவிடுகிறார், கூட்டம் திரவத்தைப் போல அலைபாயத் தொடங்குகிறது. எத்தனை பேர் வருவார்கள் என்பதோடு, மழை வந்தால் அவர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

‘அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’

வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்ததும் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் எட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இரண்டு பயிற்சியாளர்களும் சிறு துடுப்புப் படகுகளில் கிளம்பினார்கள். சாகச மையம் ஒன்று நடத்திய பயிற்சி அது. அலைகளில் படகுகளுக்குள் தண்ணீர் புகுந்து, கூட்டம் கரையை விட்டு விலகிப் போனது. அவசரச் சமிக்ஞை விளக்குகள் அவர்களிடம் இல்லை. வந்து சேர வேண்டிய நேரம் தாண்டி மணிக்கணக்கில் ஆன பிறகுதான் கடலோரக் காவல் படைக்குத் தகவல் போனது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள்.

முந்தைய ஆண்டே அந்த மையத்தின் இரண்டு பயிற்சியாளர்கள், பாதுகாப்பு போதவில்லை, உயிர் போகும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995-ல் சாகச மையங்களுக்கு உரிமம் வழங்கும் சட்டம் வந்தது. ஆனால் மாணவர்களை அனுப்பியவர்கள் அந்தக் கடிதத்தைப் பார்த்திருக்க வழியே இல்லை. அதனால்தான் வெளி நிறுவனத்தின் உரிமம், காப்பீடு, பயிற்சியாளரின் சான்றிதழ் ஆகியவற்றோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கடந்த முறை எதற்காக நிகழ்ச்சியை ரத்து செய்தீர்கள்? ரத்தே செய்ததில்லை என்று பெருமையாகச் சொல்லும் நிறுவனத்தோடு நான் போகமாட்டேன்.

சம்மதக் கடிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘எது நடந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல’ என்று எழுதி வாங்குகிறார்கள். இங்கிலாந்துச் சட்டப்படி, அலட்சியத்தால் வரும் மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பை இப்படி எழுதி வாங்கித் தட்டிக்கழிக்க முடியாது. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். எங்கே இருந்தாலும் அந்தக் காகிதத்தின் உண்மையான பயன் வேறு: என்ன செய்யப்போகிறோம், அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று மாணவருக்கும் பெற்றோருக்கும் தெளிவாகத் தெரிவிப்பது. ஆபத்தைச் சொல்லாமல் கையெழுத்தை மட்டும் வாங்கினால் அந்தப் பயனும் போய்விடும்.

திரும்புவதற்கான எண்கள்

நியூசிலாந்தில் 2008 ஏப்ரல் 15 அன்று மங்கடேபோபோ பள்ளத்தாக்கில் கனமழையால் ஓடை திடீரென்று பெருகி ஆறு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது எல்லோரும் கேட்பது, ‘வானத்தைப் பார்த்ததும் திரும்பியிருக்கலாமே?’ என்றுதான். களத்தில் நிற்பவருக்கு அது அவ்வளவு எளிதில்லை.

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்காமன் 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து ஆராய்ந்தார். பனிச்சரிவு பற்றிப் பயிற்சி பெற்றவர்களும் கண்ணெதிரே இருந்த எச்சரிக்கை அறிகுறிகளைத் தாண்டிப் போயிருந்தார்கள். பழகிய இடம் என்ற எண்ணம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற பிடிப்பு, மற்றவர்களும் போகிறார்களே என்ற தைரியம், தெரிந்தவர் ஒருவர் முன்னால் போகிறார் என்ற நம்பிக்கை இவையெல்லாம் அறிவை மூடிவிடுகின்றன. கல்லூரிப் பயணத்தில் இவற்றோடு இன்னும் சில சேரும். கட்டிய பணம் திரும்பாது. மாணவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மூத்த பேராசிரியர் ‘போகலாம்’ என்று சொல்லிவிட்டார், இளம் விரிவுரையாளர் எப்படி மறுப்பார்?

அதனால் திரும்பும் முடிவைக் களத்துக்கு முன்பே, நாற்காலியில் உட்கார்ந்து, தூங்கி எழுந்த மூளையோடு எடுத்து வைத்துவிட வேண்டும், எண்களாக. ‘வானிலை மோசமானால்’ என்று எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் எடுத்துக்கொள்வார்கள். ‘இடி கேட்டால் உடனே திறந்தவெளியை விட்டு விலகுவோம், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரமாட்டோம்’ என்பதில் வாதத்துக்கு இடமில்லை. பகல் 1 மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் எங்கே இருந்தாலும் திரும்புவோம். இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் நோயுற்றால் அடுத்த கட்டம் ரத்து. இப்படி நான்கைந்து வரி போதும்.

முடிவெடுப்பவர் ஒருவர், அவருக்கு மாற்று ஒருவர் என்று பெயர் எழுத வேண்டும். கூடவே இன்னொரு விதி: தொடர்ந்து போவதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், நிறுத்துவதற்கு ஒருவர் சொன்னால் போதும். அந்த ஒருவர் மாணவராகவும் இருக்கலாம். ரத்தானால் ஆகும் செலவைத் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கி வைப்பதும் பாதுகாப்பு ஏற்பாடுதான். பணம் ஒதுக்கி வைக்காத இடத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

உளவியலாளர் கேரி கிளைன் சொல்லும் ஒரு பயிற்சி இதற்கு நன்றாக உதவும். பயணம் முடிந்துவிட்டது, படுமோசமாக முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் அப்படி ஆனது என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள் என்று சொல்ல வேண்டும். என்ன ஆபத்து வரலாம் என்று கேட்டால் பேசாமல் இருக்கும் மாணவர்கள், இப்படிக் கேட்டால் எழுதுகிறார்கள். ஒரு தடவை வந்த துண்டுச் சீட்டுகளில் ஒன்று: ‘ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சிலர் மொட்டை மாடிக்குப் போயிருந்தார்கள். அங்கே சுவர் முட்டிக்குக் கீழேதான்.’ தங்கும் இடத்தின் படங்களை இணையத்தில் பார்த்து அந்த மாணவி அதைக் கவனித்திருக்கிறாள். எங்கள் யாருக்கும் அது தெரியாது. விடுதிக்குப் போன் செய்து மாடிக் கதவைப் பூட்ட ஏற்பாடு செய்தோம்.

பெயர் சொல்லி எண்ணுவது

2012 ஆகஸ்டில் ஐஸ்லாந்தில் ஒரு சுற்றுலா பஸ்ஸில் வந்த பெண்ணைக் காணவில்லை என்று பெரிய தேடல் நடந்தது. வழியில் இறங்கியபோது உடை மாற்றிக்கொண்டு வந்திருந்த அவரை மற்றவர்கள் அடையாளம் காணவில்லை. சொல்லப்பட்ட அடையாளம் தன்னுடையது என்று அவருக்கும் தோன்றவில்லை, அவரும் சேர்ந்து தேடினார். பஸ்ஸில் இருந்தவர்களின் எண்ணிக்கை சரியாக எடுக்கப்படவில்லை என்பது விடியற்காலையில்தான் தெரிந்தது. தலையை மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும். பெயர் கூப்பிட்டு, முகம் பார்த்து, பட்டியலில் குறிக்க வேண்டும். ‘எல்லாரும் வந்தாச்சா?’ என்று கேட்பதற்கு ‘வந்தாச்சு’ என்ற பதில் எப்போதும் வரும், வராதவர் மட்டும்தான் பதில் சொல்ல அங்கே இருக்கமாட்டார்.

பட்டியலின் ஒரு நகல் காகிதத்தில் தலைவரிடம், இன்னொன்று வளாகத்தில், பயணத்தில் வராத ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் 24 மணி நேரமும் போன் எடுப்பவராக இருக்க வேண்டும். இன்ன நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். லைம் விரிகுடாவில் வீணான மணி நேரங்கள் இங்கேதான் மிச்சமாகும். விபத்து நடந்தால் பெற்றோருக்குச் சொல்வதும் வெளியில் பேசுவதும் அவர் வேலை. களத்தில் இருப்பவருக்குக் காயம்பட்டவரைக் கவனிக்கவே இரண்டு கை போதாது.

உடல்நலத் தகவலைக் கேட்கும்போது, எதற்காகக் கேட்கிறோம், யார் மட்டும் பார்ப்பார்கள் என்று சொன்னால்தான் மாணவர்கள் உண்மையை எழுதுவார்கள். வலிப்பு இருப்பதைச் சொன்னால் அழைத்துப் போகமாட்டார்கள் என்ற பயம் மறைக்க வைக்கும். எழுதி வாங்கியதோடும் முடியாது. கடும் ஒவ்வாமை உள்ள ஒரு மாணவரின் அட்ரினலின் ஊசி, பஸ்ஸின் அடியில் பூட்டிய பெட்டிக்குள் அவர் பையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். படிவத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. சில நிமிடங்களில் போட வேண்டிய ஊசி, பத்து பெட்டிகளை இறக்கினால்தான் கையில் கிடைக்கும். இப்போது பஸ் கிளம்பும் முன், அவசர மருந்துகளைக் கையில் தூக்கிக் காட்டச் சொல்கிறோம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பயணமே வேண்டாம் என்று முடிவு செய்யும் நிர்வாகங்களும் உண்டு. அதை நான் பாதுகாப்பாகப் பார்க்கவில்லை. பதினெட்டு கையெழுத்து கேட்டால், மாணவர்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் தாங்களே வண்டி பிடித்துப் போய்விடுவார்கள். இடர் அப்படியே இருக்கும், நம் கண்ணில் படாத இடத்துக்கு நகர்ந்திருக்கும். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2024-ல் இளையோர், பள்ளிப் பயணங்களுக்கென்றே 31031 என்ற எண்ணில் தனி வழிகாட்டி வெளியிட்டது. இப்படிப்பட்ட பயணங்கள் நடக்க வேண்டும் என்று நினைப்பதால்தானே அப்படியொரு வழிகாட்டியை எழுதுகிறார்கள். உள்ளூர் நூலகத்துக்குப் போகும் அரை நாள் பயணத்துக்கு ஒரு பக்கம், கடலுக்குப் போகும் மூன்று நாள் பயணத்துக்கு இருபது பக்கம் என்று அளவு மாறினால் யாரும் சுற்றுவழி தேடமாட்டார்கள். மாணவர் மன்றங்கள் தாங்களே நடத்தும் நிகழ்ச்சிகளுக்கும், தடுக்கும் ஆள் என்றில்லாமல் கேட்டால் உதவும் ஆள் என்று ஒருவரை அலுவலகத்தில் உட்கார வைக்கலாம்.

திரும்பி வந்த மறுவாரம் அரை மணி நேரம் உட்கார்ந்து, நடக்கவிருந்து நடக்காமல் போனவற்றை எழுதி வைக்க வேண்டும். வழுக்கி விழப்போய்த் தப்பியது, ஒருவரை விட்டுவிட்டுக் கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பியது. குற்றம் கண்டுபிடிக்கும் கூட்டம் என்று தெரிந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் ஒருங்கிணைப்பாளர் தன்னுடைய தவறிலிருந்து தொடங்குவது நல்லது.

என் பட்டியலில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கிறது, அதற்கு ‘வீடு’ என்று தலைப்பு. பஸ் நள்ளிரவு 1 மணிக்கு வளாக வாசலில் நிற்கும், ஆசிரியர்கள் கை குலுக்கிவிட்டுக் கிளம்புவார்கள், 45 பேர் பெட்டிகளோடு தெருவில் இறங்குவார்கள். யாரை யார் அழைத்துப் போக வருகிறார்கள், விடுதி வாசல் திறந்திருக்குமா, தனியாகப் போகிறவர் யார் என்பதைக் கிளம்பும் நாளே கேட்டு வைக்கிறோம். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி அனுப்பச் சொல்கிறோம். கடைசிச் செய்தி பெரும்பாலும் 2.30 மணிக்கு மேல்தான் வரும். அதைக் குறித்த பிறகே கோப்பை மூடுவோம்.